கருப்பையிலிருந்து தொடை இடுக்கு வரை: வட்டத் தசைநார் போகும் வழி

கருப்பை அடிவயிற்றின் ஆழத்தில், முன்னே சிறுநீர்ப்பைக்கும் பின்னே மலக்குடலுக்கும் நடுவே இருக்கிறது. சாதாரண நாட்களில் வெளியிலிருந்து தொட்டுணர முடியாத இடம் அது. ஆனால் அதன் மேல் மூலைகளிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார்கள் புறப்பட்டு, வயிற்றுச் சுவரைக் கடந்து வெளியே வந்து, தொடை இடுக்கைத் தாண்டி, பிறப்புறுப்பின் வெளி உதட்டுக் கொழுப்புக்குள் போய்க் கரைகின்றன. இவைதான் வட்டத் தசைநார்கள். டாக்டர்கள் ரவுண்ட் லிகமென்ட் என்பார்கள்.

பெரும்பாலான பெண்கள் இதைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுவது மாசமாக இருக்கும்போதுதான். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் தும்மும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று பிடிக்கும். பயந்துபோய்க் கேட்டால், "லிகமென்ட் வலிதாம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். பயம் கொஞ்சம் தணியும். ஆனால் அது என்ன லிகமென்ட், ஏன் இப்போது வலிக்கிறது, நாளைக்கு வேறொரு வலி வந்தால் அதையும் இதுதான் என்று விட்டுவிடலாமா என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். இவற்றுக்கான விடை அந்த நார் போகும் வழியில் இருக்கிறது. வழியைத் தெரிந்துகொண்டவருக்கு வலி எங்கே வரும், கட்டி எங்கே வரும், அறுவை சிகிச்சையில் எது எதோடு குழம்பும் என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

கருப்பையின் மேல்பகுதி அகலமாகவும் கீழ்ப்பகுதி குறுகலாகவும் இருக்கும். அகன்ற மேல்பகுதியின் வலது, இடது மூலைகளில் மூன்று அமைப்புகள் மிக நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. நடுவில் கருக்குழாய். அதற்குப் பின்னால், சினைப்பையைக் கருப்பையோடு இணைக்கும் குட்டையான நார். முன்னால், சற்றுக் கீழே, வட்டத் தசைநார். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மூலையிலிருந்து கிளம்பும் நார், கருப்பையின் இரு பக்கமும் விரிந்திருக்கும் மெல்லிய உறைக்குள் புகுந்து முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் போகிறது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களின் மேலாக ஏறிக் கடந்து, வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு துளையை அடைகிறது. அந்தத் துளைதான் தொடை இடுக்குக் கால்வாயின் வாசல். தசை அடுக்குகளுக்கு நடுவே சாய்வாக ஓடும், ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுள்ள குறுகலான வழி அது. ஆண்களுக்கு இதே கால்வாய் வழியாக விந்துக்குழாயும் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் செல்கின்றன. பெண்களுக்கு வட்டத் தசைநார் செல்கிறது. கால்வாயின் மறுமுனையில், அடிவயிற்றின் கீழ் முன்பக்கத்தில் தட்டுப்படும் எலும்பின் அருகே வெளியே வந்ததும் நார் பல இழைகளாகப் பிரிந்து வெளி உதட்டின் கொழுப்போடு கலந்துவிடும். மொத்த நீளம் 10 முதல் 12 செ.மீ. வரை. தடிமன் சில மில்லிமீட்டர்.

லிகமென்ட் என்றதும் முழங்காலில் விளையாட்டு வீரர்களுக்குக் கிழிந்துபோகும் அந்த நார்தான் நினைவுக்கு வரும். அது எலும்பை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்த்திசு. வட்டத் தசைநாரின் கதை வேறு. கருப்பைக்கு அருகே இருக்கும் பகுதியில் நிறைய இருப்பது தசைதான், அதுவும் கருப்பைச் சுவரில் இருக்கும் அதே வகைத் தசை. கருப்பைத் தசையே வெளியே நீண்டு வந்திருக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை. தொடை இடுக்கை நெருங்க நெருங்கத் தசை குறைந்து நார்த்திசு கூடும். தசை இருப்பதால் இது சுருங்கும், விரியும். கர்ப்ப காலத்து ஹார்மோன்களுக்குக் கருப்பை எப்படித் தடித்து வளர்கிறதோ அப்படியே இதுவும் தடித்து நீளும். இதனோடு சேர்ந்து சிறு ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அடியில் ஓடும் தமனிக்குச் சாம்ப்சன் தமனி என்று பெயர். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) வருகிறது என்ற கருத்தை 1920களில் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சனின் பெயர்தான் அது.

சரி, கருப்பையில் தொடங்கும் ஒரு நார் எதற்காக இவ்வளவு தூரம் பயணப்பட்டு வெளி உதடு வரை வரவேண்டும்? வளர்ந்த பெண்ணின் உடலை மட்டும் பார்த்தால் இதற்கு நல்ல விடை கிடைக்காது. தாயின் வயிற்றுக்குள் சிசுவாக இருந்த நாட்களுக்குப் போகவேண்டும்.

விதைகளும் சரி, சினைப்பைகளும் சரி, முதலில் உருவாவது முதுகுப் பக்கம், சிறுநீரகங்களுக்கு அருகே. அங்கிருந்து இரண்டும் கீழே இறங்குகின்றன. இறங்கும் பாதையைக் காட்டுவதற்கு, அவற்றின் கீழ்முனையிலிருந்து தொடை இடுக்கு வரை ஒரு திசுப்பட்டை இருக்கும். கியூபர்னாகுலம் என்பது அதன் பெயர். 18ஆம் நூற்றாண்டில் விதை இறங்குவதை ஆராய்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் வைத்த பெயர் இது. ஆண் சிசுவில் விதை இந்தப் பட்டையைப் பின்தொடர்ந்து வயிற்றைவிட்டே வெளியேறி விதைப்பைக்குள் வந்துவிடுகிறது. பெண் சிசுவில் பட்டை நடுவழியில் உருவாகிவரும் கருப்பையோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் சினைப்பை இடுப்புக் குழிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒட்டிய இடத்துக்கு மேலே இருக்கும் துண்டு, சினைப்பையையும் கருப்பையையும் இணைக்கும் குட்டை நாராகிறது. கீழே இருக்கும் நீண்ட துண்டுதான் வட்டத் தசைநார். சினைப்பை மேலிருந்து இறங்கி வந்ததற்கு வேறொரு தடயமும் வாழ்நாள் முழுக்க உடலில் இருக்கும்: அதற்கு ரத்தம் தரும் தமனி பக்கத்திலிருந்து வருவதில்லை, மேலே சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே, மகாதமனியிலிருந்தே கிளம்பி வருகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரைபடத்தில் தொடங்கும் உடல், ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்வதா தாண்டிப் போவதா என்பதில் பிரிகிறது. உடற்கூறியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

இனி முக்கியமான கேள்வி. இந்த நார் கருப்பையைத் தாங்குகிறதா?

பள்ளிப் பாடம் முதல் இணையக் கட்டுரைகள் வரை பலவற்றிலும் "கருப்பையைத் தாங்கும் தசைநார்கள்" என்ற தலைப்பின் கீழ் வட்டத் தசைநாரும் இருக்கும். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். கல்யாணப் பந்தலை எண்ணிப் பாருங்கள். பாரத்தைச் சுமப்பவை கால்கள். ஓரத்தில் முளையடித்து இழுத்துக் கட்டிய கயிறு பந்தல் ஒரு பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வட்டத் தசைநார் அந்த இழுகயிறு. பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்பக்கம், சிறுநீர்ப்பையின் மேல் கவிழ்ந்தாற்போல் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை வைத்திருப்பதில் இதற்கு ஒரு பங்கு உண்டு.

பாரத்தைத் தாங்குபவை வேறு. கருப்பை வாயின் இரு பக்கமும் இடுப்புச் சுவரை நோக்கி விரியும் கார்டினல் லிகமென்ட். 1895இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயரால் மெக்கன்ராட் லிகமென்ட் என்றும் சொல்வார்கள். கருப்பை வாயிலிருந்து பின்னோக்கி, முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்புக்குப் போகும் யூட்டெரோசேக்ரல் லிகமென்ட். எல்லாவற்றுக்கும் அடியில், இடுப்புக் குழியின் தளமாக விரிந்திருக்கும் லெவேட்டர் ஏனை என்ற தசை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி 1992இல் இந்தத் தாங்குதலை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இன்று கர்ப்பப்பை இறக்கம் பற்றிப் பேசும் மருத்துவர்கள் பலரும் அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேல் நிலையில் கார்டினல், யூட்டெரோசேக்ரல் இரண்டும் இருக்கின்றன. வட்டத் தசைநாருக்கு அந்த மூன்று நிலைகளிலும் இடமில்லை.

இந்த வேறுபாடு தெளிவாகாமல் இருந்த காலத்தில் பெண்கள் நிறைய அறுவை சிகிச்சைக்கு ஆளானார்கள். 1880களின் தொடக்கத்தில் லிவர்பூலில் வில்லியம் அலெக்சாண்டரும் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஆடம்ஸும், தொடை இடுக்கைக் கீறி வட்டத் தசைநாரை வெளியே இழுத்துக் குட்டையாக்கித் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் சாய்ந்த கருப்பையை முன்னால் இழுத்து நிறுத்துவதுதான் நோக்கம். 1900இல் அமெரிக்காவின் டாட் கில்லியம் வயிற்றைத் திறந்து இதையே வேறு விதமாகச் செய்தார். அதன் பின் எத்தனையோ மாற்றங்கள். அன்று பின்சாய்ந்த கருப்பையை ஒரு நோயாகவே பார்த்தார்கள். முதுகுவலி, குழந்தையின்மை, தொடர்ந்து கரு கலைதல் என்று பலவற்றுக்கு அதன்மேல் பழி போட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கருப்பை இயல்பாகவே பின்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதும், பெரும்பாலும் அது எந்தத் தொந்தரவும் தருவதில்லை என்பதும் பின்னால்தான் தெளிவானது. அந்த அறுவை சிகிச்சைகளும் வழக்கொழிந்துவிட்டன.

இன்றும் ஸ்கேன் அறிக்கையில் "ரெட்ரோவெர்டெட் யூட்ரஸ்" (பின்சாய்ந்த கருப்பை) என்ற வரியைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை திரும்பியிருக்காம், குழந்தை தங்காதாம்" என்று கலங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும்: சாய்வு மட்டுமே குழந்தையின்மைக்குக் காரணமாவதில்லை. கர்ப்பமானால், மூன்றாம் மாத முடிவில் கருப்பை இடுப்புக் குழியைவிட்டு மேலே எழும்போது பெரும்பாலும் தானே நேராகிவிடும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற ஏதோ ஒன்று கருப்பையைப் பின்னால் ஒட்டவைத்து இழுத்திருந்தால், மாதவிடாயின்போது தாங்க முடியாத வலி, உறவின்போது வலி என்று வேறு அறிகுறிகள் இருக்கும். அப்போது சிகிச்சை தேவைப்படுவது அந்த நோய்க்கு.

கர்ப்பப்பை இறக்கத்துக்கும் இதே கணக்குதான். பிள்ளை பெற முடியாத வயதில் பெண்கள் "அடி இறங்கிருச்சு" என்று வெட்கத்தோடு ஒதுங்கிச் சொல்லும் அந்தப் பிரச்சினை வட்டத் தசைநார் தளர்ந்ததால் வருவது கிடையாது. பிரசவங்களில் இடுப்புத் தளத் தசை கிழிந்ததோ பலவீனப்பட்டதோ, கார்டினல், யூட்டெரோசேக்ரல் நார்கள் நீண்டு தளர்ந்ததோதான் காரணம். அதனால்தான் இளம் வயதில் கருப்பை இறங்கிய பெண்களுக்காக மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் வகுத்த முறைகளில் வட்டத் தசைநாரைத் தொடவில்லை. நாடாவைக் கொண்டு கருப்பை வாயையே உறுதியான இடத்தோடு கட்டினார்கள்: ஷிரோத்கர் பின்னே திருவெலும்போடு, புரந்தரே முன்னே வயிற்றுச் சுவரின் உறையோடு.

கர்ப்பத்துக்கு வருவோம். இங்கேதான் இந்த நார் தன் இருப்பை உணர்த்துகிறது.

கர்ப்பத்துக்கு முன் கருப்பையின் எடை சுமார் 50 முதல் 70 கிராம். பேறுகாலம் நெருங்கும்போது, குழந்தையையும் பனிக்குட நீரையும் கணக்கில் எடுக்காமல், கருப்பை மட்டுமே ஒரு கிலோ அளவுக்கு வரும். 12ஆம் வாரத்தில் இடுப்புக் குழியைவிட்டு மேலே எட்டிப் பார்க்கும். 20ஆம் வாரத்தில் தொப்புளைத் தொடும். நாரின் ஒரு முனை மேலே ஏறிக்கொண்டே போகிறது, மறுமுனையோ தொடை இடுக்குக்குக் கீழே அசையாமல் இருக்கிறது. நடுவில் மாட்டிய நார் நீளத்தான் வேண்டும், நீள்கிறது. வாரக்கணக்கில் மெதுவாக நடக்கும் இந்த நீட்சியை நாம் உணர்வதில்லை. இழுபட்டு நிற்கும் நாரை ஒரு தும்மலோ, சட்டென்று புரண்டு படுப்பதோ, தரையிலிருந்து வெடுக்கென்று எழுவதோ மேலும் இழுக்கும்போதுதான் வலிக்கிறது. தசை நிறைந்த நார் என்பதால் அந்த நொடியில் சுருண்டு பிடித்துக்கொள்ளவும் செய்யும் என்று கருதுகிறார்கள்.

வலியின் இடம் நார் போகும் வழியை அப்படியே பின்பற்றும். அடிவயிற்றின் ஒரு பக்க ஓரத்தில் தொடங்கித் தொடை இடுக்கை நோக்கி இறங்கும். சிலருக்கு வெளி உதடு வரை சுரீரென்று ஓடும். அந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பல பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். நார் முடிவதே அங்கேதான், அங்கே வலிப்பதில் விந்தை ஏதுமில்லை. தயங்காமல் சொல்லுங்கள். வலது பக்கத்தில் கூடுதலாக வரும். கருப்பை வளரும்போது பெரும்பாலும் சற்று வலப்பக்கம் திரும்பிக்கொள்வதுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையில் அதிகம். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் விட்டுவிடும். அசைந்தால் வரும், அசையாமல் இருந்தால் போகும்.

தணிப்பதற்கான வழிகள் எல்லாம் அந்தத் திடீர் இழுப்பைத் தவிர்ப்பதையே அடிப்படையாகக் கொண்டவை. தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்தால் இடுப்பை மடக்கிச் சற்று முன்னே குனிந்து, கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து நேராக எழ வேண்டாம். முழங்கால்களை மடக்கி, ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றும் வைத்தால் நார் தொங்கி இழுபடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைக்கலாம், கொதிக்கும் சூடு கூடாது. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு வயிற்றைத் தாங்கும் பெல்ட் உதவலாம்.

மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவற்றை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம்.

வீட்டில் பெரியவர்கள் இதைச் "சூட்டு வலி" என்பார்கள். சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள். குடிக்கலாம், கெடுதல் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து ஆற அமரக் குடிக்கும்போது கிடைக்கும் ஓய்விலேயே பாதி வலி போய்விடும். ஆனால் விளக்கெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பதும், வயிற்றை அழுத்தித் தேய்த்துவிடுவதும் வேண்டாம். சூட்டு வலி என்ற ஒரே பெயருக்குள் லிகமென்ட் வலியும் வந்துவிடும், சிறுநீர்த் தொற்றும் வந்துவிடும், குறைமாதப் பிரசவ வலியும் வந்துவிடும் என்பதுதான் என் கவலை.

லிகமென்ட் வலியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மற்றவை இல்லை என்று உறுதிசெய்த பிறகு சொல்லப்படும் பெயர் இது. ஆகவே கீழே சொல்பவற்றில் ஏதாவது இருந்தால் நீங்களாக முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தப்போக்கு, தண்ணீர் போல் கசிவு, காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், வாந்தியோடு கூடிய வலி, ஓய்வெடுத்தும் விடாத வலி, குழந்தையின் அசைவு குறைதல். 37 வாரம் நிறைவதற்கு முன் வயிறு விட்டுவிட்டுக் கல் போல் இறுகி, அது ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது பிரசவ வலியாக இருக்கலாம். வயிற்றின் மேல்பகுதியில் வலி, கூடவே தலைவலி, கண் மங்குதல் என்றால் ரத்த அழுத்தத்தை அன்றைக்கே பார்க்கவேண்டும். வலது பக்க வலி எல்லாமே லிகமென்ட் வலி ஆகிவிடாது, கர்ப்பிணிகளுக்கும் குடல்வால் அழற்சி வரும். கருப்பை வளர்ந்து குடலைத் தள்ளுவதால் வலி வழக்கமான இடத்துக்குச் சற்று மேலேகூட இருக்கலாம். நாள் தள்ளிப்போன முதல் சில வாரங்களிலேயே ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அப்போது கருப்பை இன்னும் இடுப்புக் குழிக்குள்தான் இருக்கும், நார் அவ்வளவாக இழுபட்டிருக்காது.

நார் வெளியே வரும் வழியில் கட்டிகளும் தோன்றலாம். தொடை இடுக்கில் ஒரு புடைப்பைப் பார்த்தால் நம் ஊரில் "நெறி கட்டியிருக்கு" என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும், காலில் ஒரு புண் இருந்தால்கூட நெறி கட்டும். ஆனால் பெண்களுக்கு அங்கே வேறு சிலவும் வரும்.

கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் ரத்த நாளப் புடைப்பு. நாரோடு ஓடும் சிரைகள் விரிந்து, நின்றால் பெரிதாகவும் படுத்தால் சிறிதாகவும் தெரியும். குடலிறக்கம் என்று நினைத்து அறுவை சிகிச்சைவரை போகும் ஆபத்து இதில் உண்டு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு பொதுவாகத் தானே சுருங்கிவிடும்.

இன்னொன்று பிறவியிலேயே வருவது. சிசுவாக இருக்கும்போது வயிற்று உறையின் விரல் போன்ற சிறு நீட்சி ஒன்று வட்டத் தசைநாரோடு சேர்ந்து கால்வாய்க்குள் இறங்கும். 17ஆம் நூற்றாண்டின் டச்சு உடற்கூறியலாளர் ஆன்டன் நுக்கின் பெயரால் இது நுக் கால்வாய் எனப்படுகிறது. இது பின்னர் மூடிக்கொள்ளவேண்டும். மூடாவிட்டால் அதில் நீர் கோத்துக் கட்டியாகலாம், குடலோ சினைப்பையோகூட இறங்கலாம். பெண் குழந்தையின் தொடை இடுக்கிலோ வெளி உதட்டிலோ புடைப்பு தெரிந்தால் "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே இருப்பது சினைப்பையாக இருந்து, அது முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.

அபூர்வமாக, மாதவிடாய் வரும்போதெல்லாம் தொடை இடுக்குக் கட்டி வீங்கி வலித்து, முடிந்ததும் தணியும். நாரின் வெளிப்பகுதியில் எண்டோமெட்ரியோசிஸ் படிந்திருந்தால் இப்படி நடக்கும். டாக்டரிடம் போகும்போது கட்டியைக் காட்டுவதோடு, அது எந்த நாட்களில் வலிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதேபோல், கருப்பையின் மேல் மூலைகளிலிருந்து நிணநீரின் ஒரு பகுதி இந்த நாரின் வழியாகத் தொடை இடுக்கு நெறிகளுக்கு வருகிறது. கருப்பைப் புற்றுநோய் அபூர்வமாக அங்கே பரவுவது இந்தப் பாதையில்தான்.

முன்பு சொன்ன அந்த மூன்று அமைப்புகளின் வரிசைக்கு இப்போது வருகிறேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில், சிறிய கீறல் வழியாகக் கருக்குழாயைப் பிடித்து இழுத்துக் கட்டி வெட்டுகிறார்கள். வட்டத் தசைநாரும் அதே மூலையிலிருந்து, கருக்குழாய்க்கு முன்னால் கிளம்புகிறது. கர்ப்பத்தில் தடித்திருப்பதால், பிரசவம் முடிந்த கையோடு செய்யும் ஆபரேஷனில் சிறிய கீறல் வழியே பார்க்கும்போது பார்வைக்குக் குழாய் போலவே இருக்கும். தவறிப்போய் அதைக் கட்டிவிட்டால் பெண் மீண்டும் கருத்தரிப்பாள். இந்த ஆபரேஷன் தோற்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் பிடித்ததை உடனே கட்டாமல், அதன் நுனி வரை தொடர்ந்து போய், விரல்கள் போல் பிரிந்திருக்கும் முனையைக் கண்ணால் பார்த்த பிறகே கட்டவேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். வட்டத் தசைநாருக்கு அப்படி ஒரு முனை கிடையாது, அது வயிற்றுச் சுவருக்குள் போய் மறைந்துவிடும். ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் "அதெல்லாம் இருக்காது" என்று வீட்டார் ஒதுக்கிவிடக்கூடாது, பரிசோதித்துப் பார்க்கவேண்டும். அப்படித் தங்கும் கரு கருக்குழாயில் இருக்க வாய்ப்புண்டு என்பதால் தாமதிக்கவும் கூடாது.

கருப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையில், வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பியிலோ செய்தால், பெரும்பாலும் முதலில் வெட்டுவது இந்த நாரைத்தான். அதை வெட்டினால் பக்கத்து உறை திறந்து, உள்ளே இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களையும் சிறுநீர்க் குழாயையும் பார்த்து விலக்கிவைக்க வழி கிடைக்கும். "தாங்குற நாரையே வெட்டிட்டாங்களே, இனி எல்லாம் கீழே இறங்கிடுமா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். கருப்பை எடுத்த பின் பெண்ணுறுப்பின் மேல்முனை இறங்குவதற்கான வாய்ப்பு உண்மையில் உண்டு, ஆனால் அது வட்டத் தசைநாரைப் பொறுத்ததாக இல்லை. அந்த மேல்முனையை யூட்டெரோசேக்ரல், கார்டினல் நார்களோடு சேர்த்துத் தைப்பது அதற்காகத்தான். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் எழுதிய, இடுப்புத் தளத் தசையை வலுவாக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.